தம்பி மாலை போட்ட கார்த்திகை

என் தம்பிக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இதை எங்கள் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். திருவொற்றியூரில் நாங்கள் இருக்கிற ஹவுசிங் போர்டு குடியிருப்பில், பொழுது சாய்ந்தால் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற ஆம்பிளைகள்தான் அதிகம். அவர்களுக்கு நடுவில், வாயில் வாடை இல்லாமல் நேராக நடந்து வீட்டுக்கு வருகிற பிள்ளையைப் பெற்றவள் கொஞ்சம் அலட்டிக்கொள்ளத்தான் செய்வாள். காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் அவளோடு வேலை செய்கிற பெண்களுக்கெல்லாம் இந்தப் பெருமை மனப்பாடம். வாடையே வராத போதை ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? படித்துக் கிழித்த எனக்கே தெரியவில்லை.

அது வலி மாத்திரை. தம்பிக்கு ஹார்பரில் காண்ட்ராக்ட் வேலை. கப்பலில் அடுக்கி வைத்த கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு முறுக்கி இறுக்க வேண்டும். ஒருநாள் கம்பி வழுக்கி வந்து தோளில் அடித்தது. எலும்பு உடையவில்லை, வலி மட்டும் போகவில்லை. வலிக்கிறது என்று வீட்டில் படுத்தால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். கூட வேலை செய்தவன் ஒருவன் மாத்திரை கொடுத்தான். விழுங்கினான், வலி போனது. அப்புறம் வலி இல்லாத நாளிலும் விழுங்கினான். அப்புறம் விழுங்கினால் போதவில்லை. அதையே ஊசியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருந்தது. நல்லது சொல்லிக்கொடுக்கத்தான் இந்தப் பக்கத்தில் ஆள் கிடைக்காது.

எங்கள் வீட்டு மிக்சி காணாமல் போனபோது, தம்பி ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறான் என்றாள் அம்மா. அப்பா விட்டுப்போன கைக்கடிகாரம் காணாமல் போனபோது எலி இழுத்துப் போயிருக்கும் என்றாள். கடிகாரம் கட்டுகிற எலியை நான் பார்த்ததில்லை. ஒரு மத்தியானம் சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்த வாக்கில் தூங்கினான். ஐப்பசிப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை. நான் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தேன். பார்த்ததும் என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் குழம்புக் கரண்டியை எடுத்து அடித்தேன். அவன் தடுக்கக்கூட இல்லை. அடித்து ஓய்ந்து நான் உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னான்.

"என்னால உட முடிலக்கா. என்னிய எங்கனா கூட்டினு போ."

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவனாகவே கேட்டான். யாரும் கட்டி இழுத்துக்கொண்டு போகத் தேவை இருக்கவில்லை. இந்தப் பழக்கத்தில் விழுந்தவன் தானாக வாய்விட்டுக் கேட்பது எவ்வளவு அபூர்வம் என்று டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் வேலை. பாதி நாள் பர்மிஷன் போட்டுவிட்டு நகரத்துக்குள் இருக்கிற பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போதைப் பழக்கத்துக்கென்று ஒரு வார்டு இருந்தது. அங்கே இருந்த லேடி டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணைச் சுற்றிக் கருவளையம். ஆனால் எரிந்து விழாமல் பேசினார். நிறுத்தினதும் உடம்பு என்ன பாடு படும் என்று விவரமாகச் சொன்னார். மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியாக வரும், மயிர்க்கூச்செறியும், வயிறு புரட்டும், கைகால் நடுங்கும், தூக்கம் போகும். அதைத் தாங்க மருந்து இருக்கிறது, பிறகு ரொம்ப நாளைக்கு மருந்து சாப்பிட்டு வர வேண்டும், விட்ட இடத்தில் வியாதி காத்துக்கொண்டே இருக்கும் என்றார். திங்கட்கிழமை கூட்டி வாருங்கள், படுக்கை இருக்கும் என்றும் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராயபுரம் தாண்டி டிரெய்லர் லாரிகள் வழக்கம்போல ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன, பஸ் நகரவில்லை. எனக்கு அன்றைக்குக் கோபமே வரவில்லை. திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் பகுதிக்கே குருசாமி. ஒவ்வொரு கார்த்திகையிலும் ஒரு கூட்டத்துக்கு மாலை போட்டு, சபரிமலைக்கு வேன் ஏற்பாடு செய்து, சரணம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் வருகிறவர். நல்ல குரல். நாலு பேருக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக நிற்பார், அதை நான் மறுக்க மாட்டேன். அம்மாவுக்கோ அவரிடம் எதையும் மறைக்கத் தெரியாது. நான் வாயைக் கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனதை, அவள் இறால் ஷெட்டிலிருந்து போன் போட்டே சொல்லி முடித்திருந்தாள்.

மாமா கையில் துளசி மணி மாலை, நீல வேட்டி. மறுநாள் கார்த்திகை ஒண்ணு.

"ஆஸ்பத்திரி அது இதுன்னு சொல்லிகினு கீறியாமே. அங்க சேத்தா பைத்தியக்கார வார்டுல கெடந்தவன்னு பேரு கட்டிடுவானுங்க. அப்பால எவன் பொண்ணு குடுப்பான்? எத்தினி குடிகாரனுக்கு மாலைய போட்டு நிறுத்திகீறேன் நானு. சாமி பாத்துக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மாமா நிறுத்தின குடிகாரர்களை எனக்கும் தெரியும். ஒரு மண்டலம் பச்சைத் தண்ணீரும் சரணமுமாக இருப்பார்கள், பொய் இல்லை. மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றின அன்றைக்கே, கடலரிப்புக்குக் கொட்டி வைத்த பாறாங்கல் மேல் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். இத்தனை நாள் விட்டதற்கும் சேர்த்துக் குடிப்பார்கள். மாலை கழட்டுற பார்ட்டி என்று அதற்குப் பெயரே உண்டு. வருஷா வருஷம் மாமாதான் அதற்கும் முதல் ஆள். பெண்டாட்டிமார்கூட அந்த ஒருநாளைக் கண்டுகொள்ள மாட்டார்கள், பாவம் இத்தனை நாள் சுத்தமாக இருந்தாரே என்று மீன் வறுத்துக் கொடுத்தனுப்புவார்கள். மறுநாள் தலைவலி, அதற்கடுத்த நாள் வேலை. சாராயம் அதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதே கணக்கை ஊசிக்கும் போட்டார் மாமா.

நான் விடவில்லை. முதலில் ஆஸ்பத்திரி, மாலை அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம், சாமி அடுத்த வருஷமும் மலையில்தான் இருப்பார் என்றேன். மாமா காதைப் பொத்திக்கொண்டார். அம்மா என் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எதிர் வீட்டு அக்கா சத்தம் கேட்டு வந்து, மாலை போடுற வீட்டில் எதற்கு இந்தத் தகராறு என்று என்னை அதட்டினாள். தம்பி என்னைப் பார்த்தான், காலடியில் கிடந்த அம்மாவைப் பார்த்தான். திங்கட்கிழமை விடியற்காலையில் தலை நனைய நனையக் கோயிலில் நின்று மாலை போட்டுக்கொண்டான். அந்தப் படுக்கையை வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து அவன் சாமி. நான் மடியில் போட்டுச் சோறு ஊட்டின பயலை "சாமி, சாப்பிட வாங்க" என்று கூப்பிட வேண்டும். திட்டக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, எங்கே போனாய் என்றால் சாமியைச் சந்தேகப்படுகிறாளே என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. வாயைக் கட்டின அந்த மாதத்தில் எனக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது.

முதல் வாரம் அவன் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. டாக்டர் சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் நடந்தது. விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியலில் பல் கிட்டிப்போய் நிற்பான். மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். ராத்திரி பாயில் புரண்டு புரண்டு படுப்பான். விரதச் சூடு என்றாள் அம்மா. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் குடியிருப்பு வாசலில் மாமா பஜனை வைத்தார். சரணம் உச்சத்துக்குப் போகும்போது தம்பிக்குக் கைகால் வெடவெடவென்று உதற ஆரம்பித்தது. கையெல்லாம் மயிர் குத்திட்டு நின்றது. மாமா மைக்கிலேயே சொன்னார், கன்னிசாமி மேல் சாமி வந்துவிட்டது என்று. பெண்கள் விழுந்து கும்பிட்டார்கள். யாரோ உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். எதிர் வீட்டு அக்கா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிற தன் பிள்ளைக்கு எப்போது நல்ல காலம் பிறக்கும் என்று அவனிடம் வாக்குக் கேட்டாள். தம்பி ஒரு கொட்டாவிக்கும் இன்னொரு கொட்டாவிக்கும் நடுவில் "பொறக்கும்" என்றான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அய்யோ, அது சாமி இல்லை, அவனுக்கு உடம்பு முடியவில்லை, ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று அம்மா காதில் சொன்னேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டுக் கும்பிட்டாள்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவன் தாக்குப்பிடித்தான். மெல்ல மெல்ல உதறல் நின்றது. தூங்கினான். தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஒட்டிப்போன கன்னத்தில் சதை பிடித்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இருந்த முகம் திரும்பி வந்தது. மாலையை நான் எப்படிக் குறை சொல்வேன்? அது அவனைப் பிடித்து நிறுத்தித்தான் வைத்தது. மாமா படியேறி வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். "இன்னாம்மா, சாமி கைவுட்டுதா?" என்பார். எனக்கு எரிச்சல் வரும். அதோடு உள்ளுக்குள், மாமா சொன்னதுதான் சரியோ, நான்தான் வீம்பு பிடிக்கிறேனோ என்றும் வரும்.

ஒரு காலையில் கீழே குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் குளித்து விபூதி பூசிக்கொண்டு குடத்தைத் தூக்க வந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. சாமி பட்டத்தை விட்டுவிட்டு அக்கா என்றே கூப்பிட்டான்.

"எனுக்கு பயமா கீதுக்கா. இது கய்த்துல கீறவரிக்கும் ஒருத்தனும் என்னாண்ட வரமாட்டான். நானும் போவ மாட்டேன். கயட்டிட்டா நா யாரு?"

நான் குடத்தை வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றேன். சரியென்று தலையாட்டினான். மாலையைக் கழற்றாமலே இருக்க முடியுமா என்று மாமாவிடம் கேட்டுப் பார்த்தானாம். மலைக்குப் போய் வந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும், நீ என்ன சந்நியாசியா, உனக்குப் பெண் பார்க்கிறோம் என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டாராம்.

மறுநாளே மறுபடி பர்மிஷன் போட்டுவிட்டு அந்த டாக்டரிடம் போனேன். நிறுத்திவிட்டான் என்று சொன்னதும் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மருந்தில்லாமலா, எத்தனை வாரமாச்சு என்று கேட்டார். பிறகு, படிக்காதவளுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இத்தனை நாள் விட்டிருக்கிறான், உடம்புக்கு அந்தப் பழக்கம் மறந்துபோயிருக்கும், ஆனால் அவன் கைக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும், திரும்ப ஒரே ஒருமுறை அந்த அளவைப் போட்டாலும் மூச்சு நின்றுவிடும். நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட இப்போதுதான் ஆபத்து என்றார். 

வீட்டில் அன்றைக்கு நான் போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். மாமாவை வரவழைத்து உட்கார வைத்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். மாமா எழுந்து நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் பிணம் போகும், வரும், மாலை போட்டவன் அங்கே கால் வைத்தால் தீட்டு என்றார். டாக்டர் கொடுக்கிற மருந்தும் போதை வஸ்துதான், அதை வாயில் போட்டால் மாலை கெட்டுப்போகும், கெட்ட மாலையோடு மலை ஏறினால் குடும்பத்துக்கே ஆகாது என்றார். அம்மாவுக்கு அது போதும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மலையிலிருந்து வேன் காலையில் வந்து சேரும், வந்ததும் நேராக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு. மாமா தலையில் அடித்து அம்மா சத்தியம் பண்ணினாள். தம்பி சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்தக் காலையில் நான் லீவு போட்டுவிட்டு, அவன் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வேன் வரவில்லை. வழியில் டயர் வெடித்தது என்று போனில் சொன்னார்கள். அப்புறம் ஊருக்குள் வந்துவிட்டோம் என்றார்கள். அப்புறம் ஹார்பர் கேட்டுக்குப் பக்கத்தில் டிரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்டோம் என்றார்கள். இந்த ரோட்டில் உயிர் போகிற அவசரம் என்றாலும் கன்டெய்னருக்குத்தான் முதலில் வழி. வேன் வந்து நின்றபோது மணி நாலு தாண்டிவிட்டது. வெளிநோயாளிப் பிரிவை மூடிவிட்டிருப்பார்கள்.

சரி, நாளைக்குக் காலையில் போகலாம், அதுவரைக்கும் மாலை கழுத்திலேயே இருக்கட்டும் என்றேன். ஒரே ஒரு ராத்திரி. மாமாவின் காலில் விழாத குறைதான். வீட்டு வாசலில் தேங்காய் உடைத்தாகிவிட்டது, இனி மாலை கழுத்தில் இருக்கக் கூடாது, முறை என்று ஒன்று இருக்கிறது என்றார். அக்கம்பக்கமெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. தாய் கையால் கழற்றினால் விசேஷமாம். அம்மா கண்ணீரோடு மந்திரத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே கழற்றி, பாலில் போட்டாள். தம்பி வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

அதற்குள் பாறாங்கல் பக்கம் பார்ட்டி தயாராகிவிட்டது. மாமா கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற பையன் என்று நான் குறுக்கே நின்றேன். ஜூஸ் குடித்துவிட்டு வரட்டும், வராவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார். அம்மாவும் போகட்டும் விடு என்றாள். நானும் கூடப் போகிறேன் என்றேன். ஆம்பிளைகள் குடிக்கிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று எல்லாரும் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவன் போனான். கொஞ்ச நேரத்திலேயே திரும்பியும் வந்துவிட்டான். குடிக்கவில்லை. வாயில் வாடை இல்லை என்று அம்மா எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். மொட்டை மாடியில் காய்கிற வேட்டியை எடுத்து வருகிறேன் என்று மேலே ஏறினான். பார்ட்டிக்குப் பழைய கூட்டாளிகளும் வந்திருந்தார்கள் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

நான் அடுப்படியில் அவனுக்கு மீன் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். விரதம் முடிந்து முதல் கவிச்சி. அம்மா அவனைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போனாள். அவள் அலறல் கேட்டு நான் ஓடினேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக அம்மா உட்கார்ந்திருந்தாள், மடியில் அவன். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தேன், பழைய தழும்புகள்தான் தெரிந்தன, சுற்றுமுற்றும் ஊசியைத் தேடினேன். ஒன்றும் இல்லை. அம்மா நெஞ்சு வலி, நெஞ்சு வலி என்று கத்திக்கொண்டே இருந்தாள். தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்ன சாப்பிட்டான் என்று அங்கே இருந்த டாக்டர் கேட்டார். ஒன்றும் இல்லை, மலைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தான் என்றாள் அம்மா. நான் மாத்திரையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், மாமா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். மாமா உள்ளே போய் அவரோடு பேசினார். மாரடைப்பு என்று முடிந்தது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் புண்ணியவான் என்றார்கள். மலைக்குப் போய் வந்த சுத்தத்தோடு சாமி கூட்டிக்கொண்டதாம். மாமா அதைப் பஜனையில்கூடச் சொன்னார். நான் அம்மாவைக் கேட்டேன், கெஞ்சினேன், கத்தினேன். மாடியில் ஊசி இருந்ததா, இல்லையா? "இல்லடி. எங் கண்ணால பாத்தவ நானு" என்பாள். அவள்தானே முதலில் போனவள். அவள் இல்லை என்றால் நான் என்னத்தைச் சொல்வது? தம்பி செத்த துக்கத்தில் அக்காக்காரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, செத்தவன் பெயரைக் கெடுக்கிறாள் என்று பேச்சு வந்தது. யார்டில் கூட வேலை பார்க்கிறவள் ஒருத்தி எனக்குத் தாயத்து வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை நெஞ்சு வலிதானோ என்று.

அடுத்த கார்த்திகை வந்தது. எதிர் வீட்டு அக்காவின் பிள்ளை, அந்த நல்ல காலம் பிறக்க வேண்டியவன், முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்து மாதக்கணக்காகிவிட்டது. படிக்கட்டில் எதிரே வந்தால் அவன் சட்டைக் கையைத்தான் பார்ப்பேன். அந்த அக்காவிடம் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன். என் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று கதவைச் சாத்தினாள். கார்த்திகை ஒண்ணுக்கு முந்தின சாயங்காலம், அவர்கள் வீட்டு வாசலில் கூட்டம். மாமா நடுவில் நிற்கிறார். கையில் மாலை.

நான் போனேன். அம்மா பின்னாலேயே என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நான் நிற்கவில்லை. என் தம்பி மாரடைப்பில் சாகவில்லை, இத்தனை நாள் விட்டுவிட்டு ஊசி போட்டான், செத்தான், இவனை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், காட்டிவிட்டு எந்த மாலையை வேண்டுமானாலும் போடுங்கள் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். மாமாவுக்கு முகம் கறுத்தது. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இது என்ன பேஜார், இதை வீட்டுக்கு இழுத்துப் போ என்று அம்மாவிடம் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அந்தப் பையன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

எதிர் வீட்டு அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம் போய் நின்றாள்.

"நீ சொல்லுக்கா. நீதான மொதல்ல பாத்த. ஊசி இருந்துச்சா?"

அம்மா என் முந்தானையை விட்டாள். இறால் உரித்து உரித்து வெடித்துப்போன விரல்களை ஒன்றோடொன்று பிசைந்தாள். வழக்கமான ‘இல்லை’ வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. மாமா "யக்கா, நீ வூட்டுக்குப் போ" என்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருந்துச்சி. கையிலயே குத்திகினு இருந்துச்சி" என்றாள். "நாந்தான் புடுங்கி, டேங்குக்குப் பின்னால, சின்ன சந்துல தூக்கிப் போட்டேன்."

 ஒரு வருஷம். என்னைப் பைத்தியக்காரியாக்கி வைத்திருந்த அந்த ஒரு வருஷமும் பொங்கிக்கொண்டு வந்தது. ஏம்மா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் இன்னும் முடிக்கவில்லை. எதிர் வீட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவளிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்போ அவனுக்கு மூச்சு இருந்துச்சிடி. கொரட்டை மாறி இயுத்துகினு இருந்தான். எவனாச்சும் பாத்துட்டா புள்ள பேரு கெட்டுடுமேன்னு, மொதல்ல ஊசிய மறைச்சேன், ரத்தத்த தொடச்சேன், சட்டைய எறக்கி உட்டேன். அல்லாத்தையும் முடிச்சிட்டுதான் கத்தினேன்."